காய்ச்சல் இல்லாத ஐந்து வாரத் தலைவலி

2010 ஆம் ஆண்டு பிப்ரவரியில் என் மனைவியின் இடது சிறுநீரகத்தை எடுத்து எனக்குப் பொருத்தினார்கள். அதற்கு முன் பதினான்கு மாதங்கள் டயாலிசிஸில் இருந்தேன். வீடு திரும்பிய முதல் ஆண்டில் நாங்கள் கடைப்பிடித்த எச்சரிக்கைக்கு அளவே கிடையாது. குடிநீரைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, மூடி வைத்துக் குடித்தேன். திருமண வீடுகளின் பக்கமே போகவில்லை. மகளுக்குச் சளி பிடித்தால் அவளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். மூன்றாம் ஆண்டில் உணவகத்தில் தோசை சாப்பிட்டேன். ஐந்தாம் ஆண்டில் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நின்றேன். ஒன்பதாம் ஆண்டில் நான் மாற்றுச் சிறுநீரகக்காரன் என்பதை நினைவூட்டக் காலையிலும் இரவிலும் விழுங்கும் மாத்திரைகள் மட்டுமே மிச்சம் இருந்தன. வெளிநோயாளர் பிரிவில் செவிலியர்கள் என்னைப் ‘பழைய கேஸ்’ என்று சொல்லும்போது அதில் ஒரு பாராட்டு இருப்பதாகவே எனக்குத் தோன்றும். பூஞ்சை என் மூளையுறைக்குள் புகுந்தது அந்தக் காலத்தில்தான்.

நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது ஒன்று உண்டு. மாற்றுச் சிறுநீரகம் பழகப் பழக உடலும் அதை ஏற்றுக்கொண்டுவிடும், ஆகவே ஆபத்தும் ஆண்டுக்கு ஆண்டு குறையும் என்று நினைத்திருந்தேன். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். தொற்றைப் பொறுத்தவரை உண்மையில்லை. டேக்ரோலிமஸ், மைகோபினோலேட், ஸ்டீராய்டு ஆகிய மூன்று மாத்திரைகளும் ஒன்பதாம் ஆண்டிலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. உடலின் காவலை அரைத் தூக்கத்தில் வைத்திருப்பதுதான் அந்த வேலை. வாயிலும் உணவுக் குழாயிலும் படரும் கேண்டிடா போன்ற பூஞ்சைகள் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தொல்லை தரும் என்றால், எனக்கு வந்த கிரிப்டோகாக்கஸ் பொதுவாக ஓராண்டு கடந்த பிறகுதான் தலைகாட்டும் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். எல்லோரும் காவலைத் தளர்த்தும் நேரம் அது.

2019 தீபாவளிக்கு மறுநாள் காலையில் தலைவலியோடு எழுந்தேன். பட்டாசுப் புகை என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டேன். இரண்டாம் வாரமும் வலி இருந்தது. விடியற்காலையில் கடுமையாக இருக்கும்; எழுந்து நடமாடினால் கொஞ்சம் தணியும்; மாலையில் கணக்கேடுகளைக் குனிந்து பார்க்கும்போது மீண்டும் ஏறும். எங்கள் ஊர் மருத்துவர் காய்ச்சல் பார்த்தார், இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், சற்றுக் கூடுதல். மாத்திரை மாற்றித் தந்தார். மூன்றாம் வாரம் கண்ணாடியை மாற்றினேன். நான்காம் வாரம் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் சைனஸ் என்று சொல்லி, இரண்டு வாரத்துக்குக் கிளாரித்ரோமைசின் எழுதிக்கொடுத்தார். இடையில் நானே மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்துக்கு நஞ்சு என்று பத்தாண்டுகளாக எனக்குச் சொல்லப்பட்டிருந்தும் அதைச் செய்தேன்.

அந்த மருத்துவர்கள் மீது குறை சொல்ல எனக்கு வாயில்லை. “வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று அந்தக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கேட்டபோது, “பிரஷர் மாத்திரை, அப்புறம் கிட்னிக்கு ஒரு மாத்திரை” என்றுதான் பதில் சொன்னேன். மாற்றுச் சிறுநீரகம் என்ற சொல் என் வாயில் வரவேயில்லை. வெளியூர்க்காரர் முன் நோயாளியாக நிற்பதில் இருந்த கூச்சமா, மறதியா, தெரியவில்லை. அந்தக் கிளாரித்ரோமைசின் டேக்ரோலிமஸ் உடலில் கரைந்து வெளியேறுவதைத் தடுத்து, அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் மருந்து. வழக்கமாக 5க்கும் 7க்கும் இடையில் இருக்கும் என் டேக்ரோ அளவு, மருத்துவமனையில் சேர்ந்த அன்று 15 ஆக இருந்தது. பூஞ்சை உள்ளே பெருகிக்கொண்டிருந்த நாட்களில், அரைத் தூக்கத்தில் இருந்த காவலை நானே முழுத் தூக்கத்தில் ஆழ்த்தியிருக்கிறேன்.

நோயைக் கண்டுபிடித்தது என் மனைவி என்றே சொல்லலாம். நவம்பர் கடைசியில் ஒரு நாள் மாலை சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் டம்ளருக்கு இரண்டு விரற்கடை இடப்பக்கமாக மேசையில் விழுந்தது. “என்னங்க, டம்ளர் இங்க இருக்கு” என்றாள். எனக்கு அங்கே இரண்டு டம்ளர்கள் தெரிந்தன. தவறான டம்ளரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அன்றிரவு அவள் நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரே ரசீதை மூன்று முறை பதிந்திருந்தேன். முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். விடிவதற்குள் வண்டி பிடித்து, எனக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே அழைத்துப் போய்விட்டாள். அதன்பின் நடந்த ஒரு வாரத்தை அவள் குறிப்பேட்டிலிருந்துதான் எழுதுகிறேன், எனக்கு நினைவில்லை.

அங்கே இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, தலைவலி எத்தனை நாளாக என்பது. ஐந்து வாரம் என்றதும் எழுந்து போய் மூத்தவரை அழைத்துவந்தாராம். காய்ச்சல் 99ஐத் தாண்டவில்லை, கழுத்து விறைக்கவில்லை, எம்.ஆர்.ஐ. படத்தில் பெரிதாக எதுவும் இல்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்த அடையாளங்கள் எல்லாம் மங்கிவிடும் என்று அவர் விளக்கியிருக்கிறார். காய்ச்சலும் விறைப்பும் உடல் எதிர்த்துப் போராடுவதன் அறிகுறிகள். என் உடல் போராடவில்லை. ஆகவே அவை இல்லாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரைச் சோதிக்க, முதுகில் ஊசி போட்டு எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பரிசோதனை என்றாலே கால் விளங்காமல் போய்விடும் என்று ஒரு பயம் உண்டு. என் தம்பி கையெழுத்துப் போட மறுத்து அரை நாள் வாதாடியிருக்கிறான். அந்த அரை நாளையும் நான் கணக்கில் வைத்திருக்கிறேன். ஊசி போடும் இடம் தண்டுவடம் முடிந்துபோன இடத்துக்குக் கீழே என்பதைப் படம் வரைந்து காட்டிய பிறகே அவன் ஒப்புக்கொண்டான். பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லி, ஊசியோடு ஒரு நீளக் குழாயை நிறுத்தி, நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். சாதாரணமாக 20 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டியது எனக்கு 38 வரை ஏறியது. பூஞ்சைகள் நீர் வடியும் வழிகளை அடைத்துக்கொண்டதால் மண்டைக்குள் அழுத்தம் கூடி, அதுதான் கண்ணை அசைக்கும் நரம்பை நசுக்கி எனக்கு இரண்டு டம்ளர்களைக் காட்டியிருக்கிறது. அன்று நீரை வடித்தபின் ஒரு மணி நேரத்தில் நான் கண் விழித்துக் காபி கேட்டேனாம். அடுத்த இரண்டு வாரங்களில் அதே முறையில் ஆறு தடவை வடித்தார்கள். பிந்தைய தடவைகள் எனக்கு நினைவில் இருக்கின்றன. குக்கரின் வெயிட்டை மெல்லத் தூக்கி ஆவியை விடுவது போல, நெற்றிக்குப் பின்னால் ஏதோ இறங்கும். மருந்தைப் போலவே இந்த வடிப்பும் முக்கியம் என்பதை யாராவது தயங்கினால் எடுத்துச் சொல்லுங்கள்.

எடுத்த நீரில் ஒரு துளியை, ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையோடு கலந்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அந்தப் படத்தை இளம் மருத்துவர் தன் கைபேசியில் என் மகளுக்குக் காட்டி, மகள் பின்னால் எனக்குக் காட்டினாள். கன்னங்கரிய பின்னணியில் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வெளிச்சமாக ஒரு வளையம். நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் மழை வரும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஒரு துளி நீருக்குள் நூறு நிலாக்கள் கோட்டை கட்டியிருந்தன. அந்த வளையம் பூஞ்சையின் மேலுறை. நீரிலும் ரத்தத்திலும் அந்த உறையின் கூறுகளைக் கண்டறியும் ஆன்டிஜென் பரிசோதனையும் உண்டு. மையை விட அது நுட்பமானது, சில நிமிடங்களில் விடை தந்துவிடும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்குத் தலைவலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், ரத்தத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்யலாமா என்று நீங்களே கேட்கலாம்.

பூஞ்சை என்ற சொல்லைக் கேட்டதும் உறவினர்களுக்கு ஊறுகாயில் பூத்த வெள்ளைதான் நினைவுக்கு வந்தது. பழையது சாப்பிட்டதால் வந்ததா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கச் சொன்னார். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. மண்ணிலும் புறா எச்சத்திலும் இருப்பது, தூசியோடு மூச்சில் போகிறது. புறாக்களைப் பற்றி மருத்துவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது: ஆயுத பூசைக்கு முன் எங்கள் அலுவலகத்தின் பழைய ஏடுகள் வைத்திருக்கும் அறையை, புறாக்கள் அடைந்துகிடந்த அந்த அறையை, நானே துடைப்பம் எடுத்துப் பெருக்கினேன். அங்கிருந்துதான் வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நுரையீரலுக்குள் போய் உறங்கிக் கிடந்ததும் விழித்திருக்கக்கூடும் என்றார்கள். ஆனாலும் இன்று அந்த அறைச் சாவி என்னிடம் இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மருத்துவமனையில் முப்பத்து மூன்று நாட்கள் இருந்தேன். ஆம்போடெரிசின் என்ற மருந்தைக் கொழுப்புக் குமிழ்களுக்குள் அடைத்த லைபோசோமல் வகையில், கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் கணக்கில், தினமும் ட்ரிப்ஸில் ஏற்றினார்கள். மஞ்சள் நிறத்தில் பார்க்க எளிமையாக இருக்கும். இதோடு சேர்த்துத் தர வேண்டிய புளூசைட்டோசின் மாத்திரை எங்களுக்குக் கிடைக்கவில்லை. நம் நாட்டில் அப்போது அது அரிதாகவே கிடைத்தது. மகள் மூன்று நகரங்களில் தேடிக் கைவிட்டாள். அந்த மாத்திரை இருந்திருந்தால் இரண்டு வாரத்தில் முடியக்கூடிய முதல் கட்டத்தை நான்கு வாரமாக நீட்டி, கூடவே புளுகோனசோலும் தந்தார்கள். ஒரு குப்பி 50 மில்லிகிராம்தான். எனக்கு நாளொன்றுக்கு நான்கு குப்பிகள். ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய். மனைவியின் வளையல்கள் இரண்டாம் வாரத்தில் போயின.

இந்த மருந்தைச் சலைனில் கலக்கக் கூடாது, டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். சலைன் பட்டால் திரிந்துவிடும். அதே சமயம் சிறுநீரகத்தைக் காக்க மருந்துக்கு முன்னால் தனியாகச் சலைன் ஏற்றுவார்கள். ஆகவே இரண்டுக்கும் இடையில் குழாயை டெக்ஸ்ட்ரோஸால் கழுவ வேண்டும். இரவுப் பணியில் ஒவ்வொரு நாளும் புதிய செவிலியர் வருவார், என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி “சிஸ்டர், குழாயைக் கழுவிட்டீங்களா?” என்று தவறாமல் கேட்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மருந்து ஏறத் தொடங்கிய முதல் நாட்களில் உடம்பு தூக்கிப் போடும். இரண்டு கம்பளிக்குள் பல் அடித்துக்கொள்ளும். பிறகு வியர்த்து அடங்கும்.

சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 1.3லிருந்து பதினாறாம் நாளில் 2.2 ஆனது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து அவள் கொடுத்த சிறுநீரகத்தையும் கொன்றுவிடுமோ என்ற பயத்தில் மருந்தை நிறுத்தச் சொல்லி மன்றாடினேன். மருத்துவர் நிதானமாக, “சிறுநீரகம் போனா டயாலிசிஸ் இருக்கு சார். இதுக்கு அப்படி ஒண்ணு இல்லை” என்றார். அந்த இரண்டு வாக்கியங்களை ஏற்றுக்கொள்ள எனக்கு ஓர் இரவு ஆயிற்று.

சிறுநீரகத்தின் வழியாகப் பொட்டாசியமும் மெக்னீசியமும் ஒழுகிப்போவது இந்த மருந்தின் இன்னொரு விளைவு. இங்கேதான் ஒரு வேடிக்கை. டயாலிசிஸ் காலத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று சொல்லி வாழைப்பழத்தையும் இளநீரையும் எனக்கு எட்டாத கனியாக்கி வைத்திருந்தார்கள். காய்கறியைக்கூட மனைவி வேகவைத்து நீரை வடித்துவிட்டுத்தான் சமைப்பாள். இப்போது வார்டு வாசலில் இளநீர் வாங்கி வந்து, நாளுக்கு இரண்டு குடிக்கச் சொன்னார்கள். முதல் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு, திருடப் போகிறவன் போல மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைப் பார்த்தாள். “குடிங்க, டாக்டரே சொல்லிட்டார்” என்றாள். அதன் பிறகும் அவளுக்கு நம்பிக்கை வராமல், அன்று மாலை ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டாவது காயை வெட்டச் சொல்லவில்லை. பொட்டாசியம் 2.9. அதற்குப் பிறகு இளநீர் போதாமல் பொட்டாசியம் சிரப்பும் சேர்ந்தது. அதன் சுவையை எழுதாமல் விடுகிறேன்.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை உடனே எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். நானும் கேட்டேன். மைகோபினோலேட்டை முதலில் நிறுத்தினார்கள். மற்றவற்றை மெல்லத்தான் குறைத்தார்கள். ஒரேயடியாக நிறுத்தினால் விழித்தெழும் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கக்கூடும். அதோடு செத்த பூஞ்சைகள் மீதும் மூர்க்கமாகப் பாய்ந்து மூளையில் வீக்கத்தை உண்டாக்கி, நோய் திரும்பிவிட்டது போன்ற நிலையைக் கொண்டுவரக்கூடும். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் மகள் படுக்கை அருகில் உட்கார்ந்து இதற்கிடையே ஒன்று சொன்னாள்: மைகோபினோலேட்டின் மூலப்பொருள் பெனிசிலியம் என்ற பூஞ்சையிலிருந்து வந்தது, டேக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் ட்சுகுபா மலையடி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து வந்தது, ஆம்போடெரிசினோ வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து. பத்தாண்டுகளாக என்னைக் காத்ததும் மண், கெடுத்ததும் மண், மீட்டதும் மண். அந்த நாட்களில் எனக்கு வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

2020 ஜனவரி முதல் வாரம் வீடு திரும்பினேன். புளுகோனசோல் எட்டு வாரம் 400, பிறகு 200 மில்லிகிராம் என்று ஓராண்டு. நோயின் மிகக் கடினமான பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இந்த அனுபவத்தில் நான் பிறருக்குச் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி இனிமேல்தான் வருகிறது.

புளுகோனசோலும், அதன் குடும்பத்தைச் சேர்ந்த வோரிகோனசோல், பொசாகோனசோல், இட்ராகோனசோல் ஆகியவையும் டேக்ரோலிமஸைக் கல்லீரல் சிதைக்காதபடி தடுப்பவை. ஆகவே புளுகோனசோல் தொடங்கும்போது டேக்ரோவைக் குறைக்க வேண்டும். எனக்குக் காலை 2, இரவு 2 மில்லிகிராம் என்றிருந்ததைப் பாதியாக்கினார்கள். இதை மருத்துவர்கள் மறக்க மாட்டார்கள். தொடங்கும்போது எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள். நிறுத்தும்போது அப்படியல்ல. 2021 ஜனவரியில் நரம்பியல் பிரிவில், “பூஞ்சை மாத்திரை போதும், நிறுத்திக்கலாம். மூணு மாசம் கழிச்சு வாங்க” என்றார்கள். கொரோனாக் காலம், சிறுநீரகப் பிரிவுக்கு நாங்கள் தொலைபேசியில்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பிரிவு சொன்னது மற்ற பிரிவுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து கேசரி செய்தோம்.

இரவு மனைவி தன் குறிப்பேட்டில் நிறுத்திய தேதியை எழுதப் போனபோது, ஓராண்டுக்கு முந்தைய பக்கத்தில் தான் எழுதியிருந்த வரியைப் பார்த்திருக்கிறாள்: ‘புளுகோனசோல் ஆரம்பம். டேக்ரோ பாதி.’ அப்படியானால் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை; மறுநாள் பார்க்கலாம் என்று தூங்கிவிட்டேன். இரண்டு நாள் தொலைபேசி எடுக்கப்படவில்லை. அவள் காத்திருக்காமல் எட்டாம் நாள் என்னை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். டேக்ரோ அளவு 2.9க்கு இறங்கியிருந்தது, 1.6இல் நிலைத்திருந்த கிரியாட்டினின் 2.0 ஆகியிருந்தது. அன்று மாலையே சிறுநீரக மருத்துவரைப் பிடித்து அளவைக் கூட்டினோம். மூன்று வாரத்தில் 1.7க்கு வந்து நின்றது. மூன்று மாதம் கழித்துப் போயிருந்தால் என்ன எண் இருந்திருக்கும் என்பதை நான் யோசிப்பதில்லை.

அதனால் இப்போது எந்தப் புது மாத்திரை தொடங்கினாலும், எந்தப் பழைய மாத்திரை நின்றாலும், ஒரு வாரம் பத்து நாளுக்குள் டேக்ரோ அளவைப் பார்த்துவிடுகிறோம். காலை மாத்திரையைப் போடுவதற்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல் மருத்துவரானாலும், கண்ணாடிக் கடையானாலும், முதல் வாக்கியமாக மாற்றுச் சிறுநீரகம் என்று சொல்லிவிடுகிறேன். மருந்துப் பட்டியலை என் சட்டைப் பையில் ஒன்றும் மகளின் கைபேசியில் ஒன்றுமாக வைத்திருக்கிறோம்.

2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை என்ற பெயர் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்தது. கொரோனாவுக்காக ஸ்டீராய்டு பெற்றவர்களும் சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களுமாக ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். ஆம்போடெரிசினுக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். மியூகர் வகையான அந்தப் பூஞ்சை எங்களைப் போன்றவர்களுக்குப் புதிதல்ல. டேக்ரோவும் ஸ்டீராய்டும் சேர்ந்து சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரை அதற்கு விருந்து. கன்னம் மரத்துப்போவது, மூக்கிலிருந்து கறுப்பாக வடிவது, ஒரு கண் மட்டும் வீங்குவது ஆகியவை தெரிந்தால் நாள் கணக்கு அல்ல, மணிக்கணக்குப் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறாக மெதுவாக வருவதும் உண்டு. என்னோடு வெளிநோயாளர் பிரிவில் உட்காரும் விவசாயி ஒருவருக்குக் கருவேல முள் குத்திய புறங்காலில் வலியே இல்லாத ஒரு கட்டி ஏழெட்டு மாதம் இருந்தது. மண்ணில் இருக்கும் கரிய பூஞ்சை ஒன்று தோலுக்கடியில் வளர்ந்திருந்தது. கட்டியை முழுதாக வெட்டியெடுத்து, மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது அவர் வயலுக்கு ரப்பர் பூட்ஸோடு போகிறார்; ஊரே கேலி செய்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

எனக்கு இரட்டைப் பார்வை மார்ச் மாதத்தோடு சரியாகிவிட்டது. கணக்கு வேலையை மகளுக்குத் தெரிந்த ஒரு பையனிடம் விட்டுவிட்டேன். கூட்டல் தவறவில்லை, ஆனால் முன்பிருந்த வேகம் இல்லை. தலைவலி எல்லோருக்கும் வருவது போல எனக்கும் எப்போதாவது வரும். அப்போதெல்லாம் என் மனைவி தெர்மாமீட்டரைத் தேடுவதில்லை. எதிரே வந்து நின்று, கொஞ்சம் இடப்பக்கமாகக் கையை நீட்டி, எத்தனை விரல் என்று கேட்கிறாள்.